உப்பளத்தில் கழிந்த ஒரு மே மாதம்

"உப்புக் கரைசலைச் சூடாக்கிக் குளிரவைத்தால் உப்புப் படிகங்கள் கிடைக்கும்." பதினான்கு ஆண்டுகள் இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், வினாத்தாளில் கேட்டிருக்கிறேன், எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். அது தவறு என்பதை எனக்கு எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. சொன்னவர் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஓர் அக்கா. இடம், தூத்துக்குடியை ஒட்டிய ஓர் உப்பளம். 2009 மே மாதம். அப்போது எனக்கு வயது 41. நானும் அங்கே கூலிக்குச் சுமந்துகொண்டிருந்தேன்.

எப்படிப் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. அங்கே ஆண்டுக்குப் பத்து மாதச் சம்பளம்தான். ஏப்ரலில் தேர்வு முடிந்தால் ஜூனில்தான் அடுத்த ஊதியம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூப்பு வரிசைக்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. மற்ற ஆண்டுகளில் மே மாதத்தை எப்படியோ ஓட்டிவிடுவோம். அந்த ஆண்டு என் கணவர் வேலை பார்த்த பட்டறை மூடிக்கிடந்தது. மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். ஜூனில் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். விடுமுறையில் தனிப்பயிற்சி எடுக்கலாம் என்றால் எங்கள் தெருவில் அதற்குப் பணம் கொடுக்கக்கூடிய வீடுகள் இல்லை. ஜவுளிக்கடைக்குப் போய்க் கேட்டேன். "வயசு ஜாஸ்தியா இருக்கே" என்று சொல்லிவிட்டார்கள். உப்பளத்தில் வயது கேட்கவில்லை. எதிர்வீட்டு அக்கா தன்னோடு கூட்டிப்போய்க் கங்காணியிடம் நிறுத்தினார். கங்காணி என் கையைத்தான் பார்த்தார். "சாக்பீஸ் புடிச்ச கை. பத்து நாள் தாங்குமா?" என்றார்.

கோடை உப்பு விளையும் காலம். தூத்துக்குடிப் பக்கம் ஜனவரி வாக்கில் வேலை தொடங்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் அக்டோபரில் நின்றுவிடும். மழையில் கரைந்து கிடக்கும் பாத்திகளை முதலில் சீர்செய்வார்கள். அதற்குச் செய்நேர்த்தி என்று பெயர். தரை கெட்டிப்படும்வரை சேற்றைக் காலால் மிதிப்பார்கள். தரை கெட்டிப்படாவிட்டால் வாரும்போது மண்ணும் சேர்ந்து வந்து உப்பு கறுத்துவிடும். நான் போன மே மாதத்தில் அதெல்லாம் முடிந்து, சுமை வேலை முழு மூச்சில் நடந்துகொண்டிருந்தது. கடல் நீரைப் பாய்ச்சி உப்பெடுக்கிறார்கள் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அங்கே பல பாத்திகளுக்கு நிலத்தடியிலிருந்து மோட்டார் வைத்து இறைத்த உப்புநீர் வந்தது. கடல் நீரைவிட அது கெட்டியானது என்பதால் வெயிலுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். பாடப்புத்தகத்துக்கும் பாத்திக்கும் இடையில் நான் கண்ட முதல் வித்தியாசம் இது.

இறைத்த நீர் முதலில் தெப்பத்தில் நிற்கும். பெரிய குளம்போன்ற தேக்கம் அது. அங்கிருந்து ஒவ்வொரு தேக்கமாக நகர்ந்து, சுண்டிச் சுண்டி, கடைசியில் உப்பு விளையும் பாத்திக்கு வரும். எப்போது எங்கே திறந்துவிட வேண்டும் என்பதை ஒரு கண்ணாடி மிதவை சொல்லும். அதை நீரில் மிதக்கவிட்டு "எத்தனை டிகிரி?" என்று கேட்பார்கள். முதல் நாள் அதைக் கேட்டு, வெப்பநிலையைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். இருபத்துநான்கு டிகிரி என்றார்கள். கொளுத்தும் மே வெயிலில் அது எப்படி இருபத்துநான்காக இருக்கும் என்று மனதுக்குள் திருத்தவும் செய்தேன். நல்லவேளை, வாய்விட்டுச் சொல்லவில்லை. அது போமே அளவு. அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தியலாளர் 1768இல் உருவாக்கியது. தூய நீரில் மிதவை நிற்கும் இடம் 0. எடையில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு உப்பு உள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. அந்த இடைவெளியைச் சமமாகப் பிரித்து, அதே அளவில் மேலும் நீட்டிக்கொண்டே போனால் அளவுகோல் தயார். கடல் நீர் ஏறத்தாழ 3 டிகிரி காட்டும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 25 டிகிரியைத் தாண்டினால்தான் நாம் சாப்பிடும் உப்பு விளையத் தொடங்கும். அதற்குள் கடல் நீர் தன் பருமனில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். 29, 30ஐத் தொட்டால் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். அதில் மக்னீசிய உப்புகள் மிகுந்திருக்கும். அவையும் சேர்ந்து படிந்தால் உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துச் சொதசொதக்கும்.

ஒரே நீரில் கரைந்திருக்கும் பல பொருள்களை, ஒவ்வொன்றும் படியும் நேரம் பார்த்து, தேக்கம் தேக்கமாகப் பிரித்தெடுக்கிறார்கள். 'கலவைகளைப் பிரித்தல்' பாடத்தை ஏக்கர் கணக்கில் நடத்துகிறார்கள் என்று தோன்றியது. அதை நினைத்து வியக்கும் நிலையில்தான் என் கழுத்து இல்லை.

ஆண்கள் வாருபலகையால் உப்பை இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். பெண்கள் அதைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்துபோய்த் தட்டுமேட்டில் அம்பாரமாகக் கொட்ட வேண்டும். தலையில் சும்மாடு, அதன்மேல் பெட்டி. ஈர உப்பின் நீர் கழுத்திலும் கண்ணோரத்திலும் வழிந்துகொண்டே இருக்கும். வரப்பு இரண்டு பாதம் வைக்கும் அகலம்தான். எனக்கு முதல் சுமையாகக் கொடுத்தது 20 கிலோ இருக்கும். பத்தடி தாண்டவில்லை, சாய்ந்துவிட்டது. விளைந்து வாரிய உப்பு மறுபடியும் பாத்திக்குள் விழுந்தது. கங்காணி எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டார். இரண்டாம் முறை இன்னும் கவனமாக நடந்தேன். அதனாலேயே இன்னும் சீக்கிரம் சாய்ந்தது.

என்னைவிட இருபது வயது இளைய பெண்கள் பேசிக்கொண்டே நடந்துபோனார்கள். நான் காலைப் பார்த்தேன், வரப்பைப் பார்த்தேன், பெட்டியைக் கையால் இறுகப் பிடித்தேன். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். "கீழ பாக்காதீய." "கைய விடுங்க." "தோள எறக்குங்க." எல்லாம் சரியான அறிவுரைதான். ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டு நடக்க என்னால் முடியவில்லை. வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையிடம் "கவனமா பார், நிதானமா யோசி, சீக்கிரம் எழுது" என்று நான் ஒரே மூச்சில் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளையின் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்பது எனக்கு 41 வயதில், தலையில் பெட்டியோடு நின்றபோது புரிந்தது.

மே 13 அன்று மக்களவைத் தேர்தல். வேலை இல்லை, கூலியும் இல்லை. கழுத்தைத் திருப்ப முடியாமல் போய் வாக்களித்துவிட்டு வந்து படுத்தேன். இனிப் போவதில்லை என்று கணவரிடம் சொன்னேன். மறுநாள் அதிகாலை மூன்றரைக்கு எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார். போனேன்.

அன்று அவர் எனக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. என் பெட்டியில் பாதிதான் நிரப்பினார். "என் முதுகப் பாத்துட்டே வாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். வழக்கமாக நடப்பதைவிட மெதுவாக நடந்தார். அதனால் அவருடைய சுமைக் கணக்கும் குறைந்திருக்கும். இருபது முப்பது நடைக்குப் பிறகு, கை தானாகப் பெட்டியை விட்டிருந்ததைக் கவனித்தேன். பாதிப் பெட்டி முக்கால் ஆயிற்று. நிறைபெட்டி எடுக்க எனக்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது.

படிகத்தைப் பற்றி என்னைத் திருத்தியவரும் அவர்தான். விடிகாலைக் கருக்கலில் பாத்தி ஓரம் நின்றிருந்தோம். ஆசிரியப் புத்தி போகுமா? "ராத்திரி குளிர்ச்சியிலதானேக்கா உப்பு நல்லா விளையும்?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "ராத்திரி பனி எறங்குனா வெளஞ்சதும்லா இளகும்! வெயிலும் காத்தும் இல்லாம உப்பு ஏது டீச்சர்? கச்சான் அடிச்சா வெளையும். கொண்டல் அடிச்சா கெடக்கும்."

வீட்டுக்கு வந்து பழைய கல்லூரிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 100 கிராம் நீரில் 0 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 36 கிராம் சாதாரண உப்பு கரையும். 100 டிகிரியிலும் 39 கிராம்தான். ஆக, கொதிக்கும் தெவிட்டிய கரைசலைப் பனிக்கட்டிக் குளிருக்குக் கொண்டுவந்தாலும் மூன்று கிராம் சொச்சம்தான் பிரியும். வெடியுப்பு அப்படியில்லை, 0 டிகிரியில் 13 கிராம், 100 டிகிரியில் 240 கிராமுக்கும் மேல். குளிரவைத்துப் படிகமாக்கும் சோதனைக்கு வெடியுப்போ படிகாரமோதான் பொருத்தம். சாதாரண உப்பில் வேலை செய்வது குளிர்ச்சி அல்ல, நீர் வெளியேறுவது. நான் இரண்டையும் போட்டுக் குழப்பி, எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தேன்.

கச்சானும் கொண்டலும் அதே பாடத்தின் மறுபாதி. கச்சான் மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வரும் காற்று, உலர்ந்தது. கொண்டல் கடலிலிருந்து ஈரத்தோடு வருவது. ஒரே வெயில் அடித்தாலும் ஈரக்காற்றில் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகள் என்று வெப்பம், காற்று, ஈரப்பதம், பரப்பு என நாம் எழுதிப்போடுகிறோம் அல்லவா? அவர்கள் அந்த நான்கையும் வைத்து நாளைய கூலியைக் கணக்கிடுகிறார்கள். ஐந்தாவதாக ஒன்றும் அவர்களுக்குத் தெரியும்: நீர் கெட்டியாக ஆக, சுண்டுவதும் மெதுவாகும். கரைந்த உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நாம் சொல்வதை, "கடைசித் தண்ணி லேசுல போவாது" என்பார்கள். காற்று அசையாத நண்பகலில் பாத்தியின் மேற்பரப்பில் பூப்போல மெல்லிய படிகங்கள் மிதக்கும். எடுத்துப் பார்த்தால் உள்ளே குழிந்த சின்னஞ்சிறு கூம்புகள், படிப்படியான சதுர விளிம்புகளோடு இருக்கும். உப்புப் படிகம் கனசதுரம் என்பதை நான் அதுவரை படத்தில்தான் கண்டிருந்தேன்.

இவ்வளவையும் எழுதும்போது அழகாக இருக்கிறது. அந்த இடம் அழகானதல்ல. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்தும். நான் கண்ணாடி போட்டவள், அதிலும் உப்பு படிந்து பாதி நேரம் எதுவும் தெரியாது. பாதத்தில் வெடிப்பு விழுந்தால் ஆறாது. நான் வேலை செய்த இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. அதனால் அவர்கள் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்தார்கள். நானும் அப்படியே செய்து, மூன்றாம் வாரம் நீர்க்கடுப்போடு மருத்துவமனைக்குப் போனேன். நாள் கூலி நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டியது. மழை மாதங்களில் அதுவும் கிடையாது. இப்போது அந்த மாதங்களுக்கென உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அன்று அது இல்லை.

என்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டுதான் போனேன். எல்லாப் பெண்களும் வெயிலுக்காக மூடியிருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை. பத்தாவது நாளோ என்னவோ, கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது துண்டை இறக்கினேன். எதிரில் இருந்த அம்மா என்னையே பார்த்தார். "டீச்சர்தான? எம் மவ ஒங்க கிளாஸ்தான், ஏழாவது."

அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருபவள். வந்த நேரத்துக்கு வெளியில் நிற்கவைப்பேன். வீட்டுப்பாடம் இருக்காது, கையில் கரிக்கறை இருக்கும்.

அவர் குறையாக எதுவும் சொல்லவில்லை. பேச்சுவாக்கில் சொன்னார்: "நாலு மணிக்கு வண்டி வந்துரும்லா. அவதான் எந்திரிச்சு சோறாக்கி, தம்பியக் குளிப்பாட்டி, பால்வாடில விட்டுட்டு வருவா." பிறகு சிரித்த முகமாக, "நீங்க ரிப்போட்டுல அவளப்பத்தி நல்லா எழுதிருந்தீயளாம். எனக்கு வாசிக்கத் தெரியாது, அவதான் வாசிச்சுக் காட்டினா. பொறுப்பான பிள்ளைன்னு" என்றார்.

நான் அந்த அட்டையில் எழுதியது "பொறுப்பில்லை" என்று.

கஞ்சியை முடித்துவிட்டு எழுந்தேன். அந்த அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோது அந்தப் பெண் எட்டாம் வகுப்பு. அவளுக்கு நான் பாடம் எடுக்கவில்லை. பழைய அட்டையைக் கேட்டு வாங்கித் திருத்தலாமா என்று இரண்டு மூன்று முறை அவள் வகுப்பு வாசல்வரை போயிருக்கிறேன். திருத்தினால் அவள் சொன்ன பொய் எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டேன். அது சரியா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை.

மகளின் முதல் தவணைக் கட்டணத்தில் ஒரு பகுதி அந்த மாதக் கூலியிலிருந்து போனது. மிச்சத்துக்கு நகைக்கடன் வாங்கினோம். அடுத்த ஆண்டு பதிவு மூப்பில் எனக்குப் பட்டதாரி ஆசிரியர் பணி கிடைத்தது. கடலோரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. அரசுப் பணியில் இருப்பவர்கள் அனுமதியின்றி வேறு வேலைக்குப் போக முடியாது. நானும் யாரையும் உப்பளத்துக்குப் போகச் சொல்லவில்லை. எனக்கு அப்போது வேறு வழி இல்லாததால் போனேன், அவ்வளவுதான்.

ஆனால் அங்கிருந்து சிலவற்றைக் கொண்டுவந்தேன். தாமதமாக வரும் பிள்ளையை வெளியில் நிறுத்துவதில்லை. உள்ளே வரச்சொல்லிவிட்டு, பிறகு தனியாகக் கேட்கிறேன். எல்லாக் காரணமும் உண்மையாக இருப்பதில்லை, அதுவும் தெரிந்ததுதான். தரநிலை அட்டையைப் பெற்றோர் கையில் கொடுக்கும்போது நானே வாசித்துக் காட்டுகிறேன். பெற்றோர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசிக்கத் தயங்கும் எதையும் எழுதுவதில்லை.

போமே மிதவையை ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளோடு செய்கிறோம். விரும்புகிறவர்கள் செய்து பார்க்கலாம். 10 மில்லி கொள்ளும் ஹோமியோபதி மருந்துக் குப்பி ஒன்றை எடுத்து, அடியில் கொஞ்சம் மணல் போட வேண்டும். மூடியில் துளையிட்டு உறிஞ்சுகுழலைச் செருகி, மெழுகால் நீர் புகாமல் அடைக்க வேண்டும். குழலின் மேல்வாயையும் அடைத்துவிடலாம். மேல்பகுதி வெட்டிய உயரமான தண்ணீர் பாட்டிலில் நல்ல நீர் ஊற்றி மிதக்கவிட்டால், குழலின் உச்சிக்குச் சற்றுக் கீழே நீர்மட்டம் வரும்படி மணலைக் கூட்டிக் குறைக்க வேண்டும். இதற்குத்தான் பொறுமை வேண்டும், ஒரு பாடவேளையே போய்விடும். அந்த இடம் 0. பிறகு 85 கிராம் நீருக்கு 15 கிராம் உப்பு என்ற கணக்கில் கரைசல் செய்து அதில் மிதக்கவிட்டால், குப்பி மேலெழும்பி நிற்கும். நீர்மட்டம் தொடும் புது இடம் 15. குழலின் பருமனைப் பொறுத்து இரண்டுக்கும் இடையில் நான்கு செ.மீ. அளவுக்கு வரும். அதைப் பதினைந்தாகப் பிரித்து, அதே அளவில் குழலின் அடிவரை கோடு போட்டுக்கொண்டே போகலாம். கடையில் வாங்கும் உப்பில் ஈரம் இருந்தால் ஒன்றிரண்டு டிகிரி பிசகும். பிசகட்டும், ஏன் பிசகியது என்று கேட்பதே நல்ல கேள்வி.

கடல் நீரைக் கொண்டுவர வசதி இருந்தால் 100 மில்லியை அகலமான எவர்சில்வர் தட்டில் வெயிலில் வைத்துவிடுங்கள். முழுக்கக் காய்ந்தால் மூன்றரை கிராம் அளவுக்கு மிஞ்சும். இரண்டு தட்டு வைத்து, ஒன்றை நிழலில் காற்றுப்படும்படியும் மற்றதை வெயிலில் காற்றுப்படாமலும் வைத்தால் எது முந்தும் என்று பந்தயம் கட்டச் சொல்லலாம். எங்கள் பள்ளியில் ஒவ்வோர் ஆண்டும் ஒரே முடிவு வருவதில்லை.

போன ஆண்டு, உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவரின் மகன் இதே மிதவையைச் செய்தான். கணக்கில் சுமார், ஆனால் கைவேலையில் கெட்டி. மறுநாள் ஒரு பாட்டிலில் பாத்தித் தண்ணீர் கொண்டுவந்தான். வகுப்பே சுற்றி நிற்க, குப்பியை மிதக்கவிட்டான். குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கி, கோடுகளை எண்ணினான். இருபத்துமூன்று.

"எங்கம்மாவும் இருவத்துமூணுன்னுதான் சொன்னாங்க டீச்சர்" என்றான். "பாத்தே சொன்னாங்க."